நூல் ஏன் அறுகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிற பஸ் விதுரையைத் தாண்டியதும் காற்றில் ஈரம் ஏறிவிடுகிறது. அடுத்து வருவது கல்லாறு. பெயருக்கேற்ற ஊர். உருண்டைக் கற்கள் மேல் ஓடும் ஆறு, ஒரு பாலம், சில கடைகள். அதற்கப்பால் மலைமேல் ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் ஆற்றில் கால் நனைத்துவிட்டு மேலே போய்விடுவார்கள். வெளி மாநிலத்தவர் பலர் இந்த ஊரின் பெயரைக் கேள்விப்பட்டது 2018-ல், இங்குள்ள காட்டுக் குடியிருப்பைச் சேர்ந்த மூலிகை வைத்தியர் லட்சுமிக்குட்டிக்கு பத்மஸ்ரீ கிடைத்தபோதுதான். அவர் பெயர் பெற்றது விஷமுறிவில். இங்கே பேசப்போகிற விவகாரம் அதைவிட அற்பமானது: தையல் மெஷினில் நூல் அறுந்துபோவது.

அற்பம் என்று சொல்கிறவர்கள் நூல் அறுகிற மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கல்லாறு மாதிரி ஒரு மலையடிவார ஊரில், வீட்டுத் திண்ணையில் கறுப்பு மெஷினைப் போட்டுத் தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கெட், நைட்டி, பள்ளிச் சீருடை எல்லாம் தகராறில்லாமல் தைத்துக்கொண்டிருந்தவள் அவள். யாரோ பஞ்சு வைத்த குழந்தை மெத்தை கேட்கிறார்கள், கூலியும் கூட. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் பஞ்சுத் தகடு. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கவேண்டும். ஒரு சாண் போகிறது, நூல் அறுகிறது. கோத்துவிட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு சாணில் மறுபடி அறுகிறது. சாயங்காலத்துக்குள் கால் மெத்தைகூட முடியவில்லை. அறுந்த இடமெல்லாம் முடிச்சு. வாங்க வருகிறவர் விரலால் தடவிப் பார்த்து விலையைக் குறைப்பார். மெக்கானிக் நெடுமங்காட்டில். மெஷின் தலையைக் கழற்றி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றினால் அன்றைய கூலியோடு மறுநாள் கூலியும் போயிற்று.

போனால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்த கதைதான். மெக்கானிக், "சேச்சி, நூல் சரியில்லை" என்பார். நூல் கடைக்காரர் மெஷினைக் குற்றம் சொல்வார். வீட்டில் மாமியார், மழைக்காலத்தில் இப்படித்தான் ஆகும் என்பார்.

கேரளத்தில் இது ஒரு பெண்ணின் பிரச்சினை அல்ல. 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ திட்டத்தின் கீழ் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நடத்தும் சிறு தொழில்களில் தையலுக்கு முக்கியமான இடம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜனவரி முதல் மாநிலத்தில் தடை வந்தபோது துணிப்பை தைத்தார்கள். அதே ஆண்டு கொரோனா வந்தபோது முகக்கவசம் தைத்தார்கள். துணிப்பை யாரும் தைத்துவிடலாம். அதனாலேயே அதில் காசு குறைவு. பஞ்சு வைத்துத் தைத்த பை, மெத்தை, மேஜை விரிப்பு என்றால் விலை வேறு. அந்தப் படியில் கால் வைக்கும்போதுதான் நூல் அறுகிறது.

துணிகளை அடுக்கிச் சேர்த்துத் தைப்பது நமக்குப் புதிதல்ல. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, வட கர்நாடகத்தில் கவுதி. தமிழ் வீடுகளில் பாட்டியின் பழைய நூல் புடவை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டால் பிள்ளைக்குப் படுக்கை. ஆனால் இதெல்லாம் கை வேலை. கையில் தைக்கும்போது நூல் சிக்கும், முடிச்சு விழும். ஆனால் சாணுக்கொரு தடவை அறுந்து உயிரை வாங்காது. மெஷினில் அறுவதற்குக் காரணம், அங்கே நூல் படுகிற பாடே வேறு.

ஊசியின் காதை முனைப்பக்கம் வைத்து, மேல் நூலையும் கீழ் நூலையும் பூட்டுகிற தையலுக்கு எலியாஸ் ஹோ அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1846-ல். இன்றைக்கும் தத்துவம் அதேதான். ஊசி துணிக்குள் இறங்கி மேலே எழும்பத் தொடங்கும்போது நூல் ஒரு சின்ன வளையமாக உப்புகிறது. கீழே காத்திருக்கும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பாபின் கேஸைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வைக்கிறது. உடனே மேலே இருக்கும் தூக்கி, வளையத்தை விசுக்கென்று இழுத்து இறுக்குகிறது. ஒரு தையலுக்கு உண்மையில் செலவாகும் நூல் அரை சென்டிமீட்டர்கூட இராது. ஆனால் பாபினைச் சுற்றிவர ஒரு விரல் நீளத்துக்கு நூல் கீழே போய்த் திரும்பவேண்டும். ஆக, நூலின் ஒவ்வொரு புள்ளியும் துணியில் போய்ச் சேருவதற்குமுன் ஊசிக் காது வழியாகப் பல தடவை மேலும் கீழும் உராய்ந்துவிட்டே வருகிறது. மெல்லிய துணியில் இது பெரிய விஷயமில்லை. மூன்று அடுக்கில் ஊசியைப் பஞ்சு நெருக்குகிறது, உராய்வு கூடுகிறது. ஜாக்கெட்டுக்கு ஒழுங்காக ஓடிய மெஷின் மெத்தைக்கு மக்கர் செய்வது இதனால்தான். புதிதாக ஏதும் கெட்டுப்போயிருக்க வேண்டியதில்லை. அதுவரை மறைந்திருந்த சின்னக் குறைதான் வெளியே வருகிறது.

இந்த மெஷின்மேல் காந்திக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. 1924-ல், சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த திருவனந்தபுரத்துக்காரர் ஜி. ராமச்சந்திரன், எல்லா இயந்திரங்களுக்கும் நீங்கள் எதிரியா என்று அவரைக் கேட்டார். (பிற்பாடு மனைவி சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கியவர் இவரே.) தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த சிங்கர், அவள்மேலிருந்த அன்பினால் இதைச் செய்தார் என்பது அவர் சொன்ன காரணம். ஐசக் சிங்கரின் நிஜ வாழ்க்கை அவ்வளவு பவித்திரமல்ல. பல குடும்பங்கள், இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், 1851-ல் காப்புரிமை, அப்புறம் ஹோவுடன் வழக்கு. இருந்தாலும் காந்தி பார்த்த விஷயம் பொய்யில்லை: ஒரு பெண் தன் வீட்டிலேயே, தன் காலாலேயே ஓட்டக்கூடிய இயந்திரம் அது. லூதியானாவில் செய்து இந்தியா முழுக்கப் போகும் கறுப்பு மெஷின்கள் பெரும்பாலும் அந்தப் பழைய சிங்கர் வடிவத்தின் வாரிசுகள்தான். பாகங்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும், கையால் கழற்ற முடியும். அதனால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் திண்ணையிலேயே செய்துபார்க்க நிறைய இருக்கிறது.

முதலில் மாமியார் கட்சியை விசாரித்துவிடலாம். மழையால் நூல் அறுகிறதா? பருத்தி நூல் விஷயத்தில் உண்மை நேர்மாறு. ஈரத்தில் பருத்தியின் பலம் கொஞ்சம் கூடும். காய்ந்த காற்றில்தான் முறுகி அறும். அதனால்தான் நூற்பாலைக்குள் காற்றை வேண்டுமென்றே ஈரமாக வைக்கிறார்கள். கல்லாற்றுக்குக் கிழக்கே, அதே அகத்தியமலைத் தொடரின் மறுபக்கம், பாபநாசம் அருகே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் 1880-களில் தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி ஆலை வைத்தார்கள். தையல் நூலுக்குப் பெயர்போன மதுரா கோட்ஸின் பூர்வ கதை அங்கிருந்துதான் வருகிறது. பாலியஸ்டர் நூலை ஈரம் ஒன்றும் செய்வதில்லை. ஈரத்தில் நிஜமாகவே பலமிழப்பது ரேயான், அதாவது எம்பிராய்டரிக்காகப் பளபளவென்று விற்கிற நூல். அதைப் போட்டு மெத்தை தைத்தால் மாமியார் சொன்னது பலிக்கும்.

ஆனால் மழைக்கு முழு விடுதலை கொடுத்துவிட முடியாது. பூஞ்சை பிடித்த பருத்தி நூல் உளுத்துப்போகும். ஊசியிலும் கொக்கியிலும் துரு ஏறும்; கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பே நூலுக்கு அரம். இன்னொரு கேரளத்துச் சமாசாரம் தேங்காய் எண்ணெய். மெஷின் எண்ணெய் தீர்ந்துபோனால் கைக்கு எட்டுவது அதுதான். அது சுமார் 25 டிகிரிக்குக் கீழே உறையும். மலையடிவாரத்தில் ஜனவரி மாதக் காலையில் மெஷின் கனத்துப்போகும். பஞ்சுத் தூசி அதில் ஒட்டி, கொக்கியைச் சுற்றி அழுக்குக் களிம்பாகப் படியும். பஞ்சு வைத்துத் தைக்கும்போது உதிரும் தூசி சாதாரணத் தையலைவிடப் பல மடங்கு. பாபின் மாற்றும்போதெல்லாம் கேஸை எடுத்து, உள்ளே ஒரு பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுவது நல்லது. ஊதக்கூடாது, வாயின் ஈரம் உள்ளே போகும்.

இனி அறுந்த நூலைப் பார்க்கவேண்டும். யாருமே பார்ப்பதில்லை. எரிச்சலில் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி கோக்கிறார்கள். அந்த முனைதான் சாட்சி. துடைப்பம் மாதிரி பிரிபிரியாக இருந்தால் எங்கோ தேய்ந்து தேய்ந்து அறுந்திருக்கிறது: ஊசிக் காது சிறியது, ஊசி மழுங்கியது, அல்லது நூலே கிழடு. கத்தரியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருந்தால் ஒரு கூர்மையான பிசிறு எங்கோ இருக்கிறது: ஊசித் தட்டின் ஓட்டையிலோ கொக்கி முனையிலோ. இழுபட்டு மெலிந்து சுருண்டிருந்தால் இறுக்கம் அதிகம், அல்லது கண்டில் நூல் மாட்டிக்கொண்டிருக்கிறது. முனை உருகிக் கடுகளவு உருண்டையாகியிருந்தால் சூடு.

பத்தில் பல கேஸ்களில் குற்றவாளி ஊசிதான். சில ரூபாய் சாமான். அதை முறிகிறவரை மாற்றாத பிடிவாதம் நம் தையல்காரர்களுக்கு. மணிக்கணக்கை வைத்துச் சொன்னால், எட்டு மணி நேரம் ஓடிய ஊசி ஓய்வுக்கு உரியது. பஞ்சு வேலையில் அதற்கும் முன்பே. பாக்கெட்டில் போட்டிருக்கும் நம்பரையும் பார்க்கவேண்டும். ஜாக்கெட்டுக்கு 14 சரி. மூன்றடுக்குக்கு 16, நூல் தடிமன் என்றால் 18. சந்தேகமிருந்தால் ஒரு சோதனை உண்டு. ஊசியைத் தனியே ஒரு முழ நூலில் கோத்து, நூலை இரண்டு கையாலும் சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கிக் கீழே இறங்கினால் பொருத்தம் சரி. நடுவழியில் நின்றுவிட்டால் அந்த நூலுக்கு அந்த ஊசி ஆகாது.

மாட்டுவதிலும் தவறு நடக்கிறது. ஊசியின் ஒரு பக்கத்தில் நீளமாக ஒரு பள்ளம் ஓடுகிறது. நூல் இறங்கும்போது ஒளிந்துகொள்ளும் இடம் அது. பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் காதுக்குள் நூல் போகவேண்டும். தலைப்பகுதியின் தட்டையான பக்கம் அதற்கு எதிரே. இடமா வலமா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். இந்த விதி மாறாது. ஊசியை மேலே முட்டும்வரை ஏற்றித் திருகை இறுக்கவேண்டும். கொஞ்சம் இறங்கியிருந்தாலும் கொக்கிக்கு வளையம் சரியாகச் சிக்காது. தையல் விட்டு விட்டு விழும், பிறகு அறும்.

அடுத்தது நூல் கோப்பது. துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கோக்கவேண்டும். பாதம் கீழே இருக்கையில் டென்ஷன் தட்டுகள் இரண்டும் மூடியிருக்கும். நூல் நடுவில் போகாமல் விளிம்பில் உட்கார்ந்துவிடும். பிறகு தைத்தால் துணிக்கு அடியில் நூல் கும்பலாகக் குவிந்து, சிக்கி, அறும். அடியில் குவிகிறதே என்று எல்லாரும் பாபின் கேஸின் திருகைத் திருகுகிறார்கள். அடியில் குவிந்தால் கோளாறு மேலே. இதை ஒரு சீட்டில் எழுதி மெஷினில் ஒட்டலாம். பாபின் கேஸைச் சோதிக்க வேண்டுமென்றால் அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் போதும். தானாக இறங்காமல், கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்கவேண்டும். அப்படி நின்றால் அந்தத் திருகைத் தொடாதிருப்பதே புத்தி. மேல் டென்ஷனைத்தான் பஞ்சு வேலைக்குக் கொஞ்சம் தளர்த்தவேண்டும், கால் சுற்றாகத் தளர்த்தித் தைத்துப் பார்த்து.

நூல் கடைக்காரர் மெஷினைச் சொன்னாலும் நூலும் குற்றவாளியாக இருக்கலாம். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வருஷக்கணக்கில் இருந்த கண்டு பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். ஒரு முழம் எடுத்து வெடுக்கென்று இழுத்தால் தெரிந்துவிடும். நல்ல நூல் 'டக்'கென்று எதிர்ப்புக் காட்டி அறும். கெட்ட நூல் சத்தமில்லாமல் பிரிந்து வரும். கைத்தையலுக்கென்று மெழுகு பூசி விற்கும் நூலை மெஷினில் போடக்கூடாது. மெழுகு டென்ஷன் தட்டுகளில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் நல்ல நூலையும் இழுத்துப் பிடிக்கும். பெரிய கோன் நூல் சல்லிசு. ஆனால் அதைக் கண்டுக் கம்பியில் செருகினால் ஆடும், சிக்கும். கோனை ஒரு டம்ளரில் போட்டு மெஷினுக்குப் பின்னால் வைத்து, நூலை நேர்மேலே ஒரு ஊக்கு வளையம் வழியாக ஏற்றிக் கொண்டுவந்தால் சமர்த்தாக வரும். செலவு ஒரு சேஃப்டி பின்.

சூடு வீட்டு மெஷினுக்கு அவ்வளவாகக் கவலையில்லை. காலால் மிதித்து யாரும் ஊசியைப் பழுக்கவைத்துவிட முடியாது. அது கரூர் மாதிரி வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி நடக்கும் ஊர்களின் தலைவலி. நிமிடத்துக்கு 4,000, 5,000 தையல் ஓடும் தொழிற்சாலை மெஷினில், அடர்ந்த பஞ்சுக்குள் புகுந்து புறப்படும் ஊசி பாலியஸ்டர் உருகும் 250 டிகிரிச் சூட்டை நெருங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால் ஓடும்போது நூல் அறாது, நகர்ந்துகொண்டே இருப்பதால் தப்பிக்கும். மெஷின் நின்ற கணத்தில், சூடான காதுக்குள் அகப்பட்ட நூல் உருகும். இதற்காகத்தான் உள்ளே பாலியஸ்டர், வெளியே பருத்தி போர்த்திய நூல் வந்தது. நூலில் சிலிகான் எண்ணெய் தடவுவதும் ஊசிமேல் காற்று அடிப்பதும் அதே காரணத்துக்காக. மோட்டார் பொருத்திய வீட்டு மெஷினில் பாலியஸ்டர் பஞ்சை வேகமாக ஓட்டுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

மெத்தையில் நேர்கோடு மட்டும் போடுகிறவர்களுக்கு இவ்வளவு போதும். கொடி, மாங்காய், வளைவு என்று போனால் இன்னொரு சங்கடம் உண்டு. மெஷின் எம்பிராய்டரி கற்றவர்களுக்கு முறை தெரியும்: துணியை நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு, இரண்டு கையாலும் துணியை நகர்த்தித் தைப்பது. இங்கே மறந்துபோவது ஒரு நெம்புகோல். பாதத்தைக் கழற்றிவிட்டதால் அதன் கோலைக் கீழே இறக்க மறந்துவிடுகிறார்கள். இறக்காவிட்டால் டென்ஷனே கிடையாது. அடியில் குருவிக் கூடுதான். அடுத்தது கை வேகமும் கால் வேகமும். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணியை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதும். ஊசி முறிந்தால் மாற்றிவிடலாம். ஆனால் மோதிய இடத்தில், ஓட்டையின் விளிம்பில், மயிரிழை அளவுக்கு ஒரு பிசிறு நின்றுவிடும். அன்றிலிருந்து எத்தனை புது ஊசி, எத்தனை புது நூல் போட்டாலும் அறும். காரணம் மூன்று மாதத்துக்கு முன்னால் முறிந்த ஊசி என்று யாருக்குத் தோன்றும்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பழைய நைலான் துணித் துண்டை ஓட்டையின் உள்விளிம்பிலும் கொக்கி முனையிலும் மெதுவாகத் தேய்த்தால் பிசிறு அதைக் கவ்வும். ஓட்டை என்றால் மிக நைஸான எமரித் தாளைத் திரித்து உள்ளே விட்டு நாலு இழுப்பு இழுக்கலாம். கொக்கி முனையில் என்றால் கை வைக்கவேண்டாம்; அதன் கூர் ஒரு இம்மி தேய்ந்தாலும் வளையத்தைப் பிடிக்காது. அதற்குத்தான் நெடுமங்காடு பஸ். அப்போதும் மெஷின் முழுவதையும் தூக்கவேண்டியதில்லை. பெரும்பாலான கறுப்பு மெஷின்களில் அந்தக் கொக்கி தனியே கழன்று வரும். ஒரு தாளில் சுற்றி, கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். கூடவே அறுந்த நூல் முனை நாலைந்தையும், தைத்த துணியில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போனால், "நூல் சரியில்லை" என்று மெக்கானிக் எடுத்த எடுப்பில் சொல்ல முடியாது.

திரும்பி வந்து எண்ணெய் விட்டபின் நேரே குழந்தை மெத்தையில் கை வைக்கக்கூடாது. முதல் நூறு தையல் எண்ணெயைக் கக்கும். வெள்ளைத் துணியில் அந்தக் கறை போகாது. அதே மூன்றடுக்கில், அதே பஞ்சு வைத்து, ஒரு கையகலத் துண்டு தயாராக இருக்கட்டும். அதில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஊசி மாற்றிய தேதியை அதன் ஓரத்திலேயே பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, மெஷின் டிராயரில் போட்டுவைக்கலாம்.